வருகிறவர்களுக்கான பெட்டி

கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், புது மருமகளுக்குப் பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கூடம் நிறைய ஆட்கள். படிப்பு கேட்கிறார்கள், வேலை கேட்கிறார்கள், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். தட்டில் சாப்பாடு வைக்கத்தான் வைத்தார்கள். ஆனால் அத்தனை கண்களும் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் தொண்டைக்குள் எப்படி இறங்கும்? கொஞ்சம் கொறித்துவிட்டு, போதும் என்று எழுந்துவிட்டாள்.

சற்று நேரம் கழித்து மாமியார் அந்தப் பக்கம் வந்தாள். வேறு வேலையாகப் போகிறவள் போல, "உள் அறையில கத்தரிக்கோல் இருக்கும், எடுத்துட்டு வாம்மா" என்றாள்.

மருமகள் உள்ளே போய்த் தேடினாள். மேசையில் இல்லை, அலமாரியின் மேல்தட்டில் இல்லை. நடுத்தட்டில் ஒரு பீங்கான் கிண்ணம் கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர் பால். கிண்ணத்தைத் தூக்கினாள். உள்ளே ஒரு பழப் பேஸ்ட்ரி. பொன்னிறமான மாவு ஓடு, அதில் கஸ்டர்ட், மேலே விசிறி மாதிரி அடுக்கிய பழத்துண்டுகள். ஈரம் காயாத கோலிக்குண்டுகள் போல அவை மினுங்கின. வெளியே மாமியாரின் குரல் கேட்டது: "அந்த அறையில ஒரு பொருளைத் தேடினா லேசில கிடைக்காது. அவ நிதானமா தேடட்டும். யாரும் உள்ள போய் அவசரப்படுத்தாதீங்க."

முதல் கடியில் ஓடு நொறுங்கின சத்தம் கூடம் வரைக்கும் கேட்டுவிடுமோ என்று மருமகளுக்குப் பயமாகப் போய்விட்டது.

கத்தரிக்கோல் கூடத்துச் சுவரில், எல்லோர் கண்ணுக்கும் நேராக, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் மறுநாள்தான் கவனித்தாள். மாமியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் பேசவில்லை, பிறகு எப்போதும் பேசவில்லை.

அந்த மாமியாரைத் தெருவில் பெட்டியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

சாவி வெட்டுகிற கடைக்கு மேலே மாடி வீடு. ஏறுவதற்கு ஒரு குறுகலான படிக்கட்டு. ஏறி வருகிறவர் ஒருவர், இறங்குகிறவர் ஒருவர் என்றால், யாராவது ஒருவர் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டும். மேலே போனால் ஒரு கூடம், இரண்டு அறை, கிழக்கே பார்த்த ஜன்னலோடு ஒரு சமையலறை. அந்த ஜன்னலில் வெளிச்சம் எட்டிப் பார்க்கும்போது பெட்டியம்மா மாவு பிசைந்து முடித்திருப்பாள். ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற டீக்கடைக்குத் தினமும் பழப் பேஸ்ட்ரி போட்டுக்கொடுப்பது அவள் தொழில். அவள் புருஷன் பஸ் பணிமனையில் இருக்கை தைக்கிறவர். அவர் கைப்பைக்குள் எப்போதும் வளைந்த ஊசியும் மெழுகு தேய்த்த நூலும் இருக்கும். மகன் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். மருமகள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். ஆக, எல்லோருமே கையை நம்பிப் பிழைக்கிற குடும்பம்.

வந்த இரண்டாம் நாளும் மருமகளுக்குப் பேஸ்ட்ரி கிடைத்தது. இந்தத் தடவை கூடத்திலேயே, எல்லோரோடும் உட்கார்ந்து. கடித்தால் சத்தமே இல்லை. பழச்சாறு கீழே இறங்கி ஓடு நமுத்திருந்தது. ருசிக்குக் குறைவில்லை. ஆனால் அந்த நொறுநொறுப்பு எங்கே போயிற்று? அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் புருஷன் சிரித்தான்.

"நேத்து நீ விருந்தாளி. இன்னைக்கு வீட்டாளு. பதவி இறங்கிப்போச்சு" என்றான்.

விஷயம் இதுதான். டீக்கடைக்குப் போகிற தட்டுகள் போனதும், பெட்டியம்மா ஒரு பெட்டி நிறைய பேஸ்ட்ரியை வீட்டுக்கு என்று எடுத்து வைப்பாள். அது வருகிறவர்களுக்கு. வீட்டில் யாரும் தொடக்கூடாது. மறுநாள் புதிதாக ஒரு பெட்டி நிரம்பியதும், பழைய பெட்டி வீட்டாருக்கு. இப்படியே தினமும். இதனால் அந்த வீட்டில் இருந்தவர்கள், பேஸ்ட்ரிக்காரி வீட்டில் இருந்தும், அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே சாப்பிட்டதே கிடையாது.

மருமகள் லென்ஸ் தேய்க்கிறவள், எதையும் அளந்து பார்க்கிற புத்தி. ஒரு மத்தியானம் மாமனாரிடம் மெல்லப் பேச்சைத் தொடங்கினாள். ஒரே ஒரு நாள் பழையதை யாருக்காவது கொடுத்துவிட்டு, புதியதை நாம் சாப்பிட்டுவிட்டால், மறுநாளிலிருந்து அன்றன்றைக்குச் செய்ததை அன்றன்றைக்கே சாப்பிடலாமே என்றாள்.

மாமனார் தைப்பதை நிறுத்தாமல் கேட்டார். "சரி. சாப்பிட்டுட்டோம். சாயங்காலம் ஒருத்தர் வந்துட்டா?"

"அப்ப ரெண்டு பெட்டி செய்யச் சொல்லலாம், மாமா. ஒண்ணு நமக்கு, ஒண்ணு வர்றவங்களுக்கு."

"யாரும் வரலேன்னா அந்த ரெண்டாவது பெட்டியை மறுநாள் என்ன பண்றது? கொட்டறதா? உங்க அத்தைக்கு அது பாவம். நாமதான் சாப்பிடணும். சாப்பிட்டா வயிறு ரொம்பிடும். அப்புறம் அன்னைக்குச் செஞ்சது மறுநாளுக்குப் போயிடும்." ஊசியை இழுத்து நூலைப் பல்லால் கடித்தார். "நானும் போட்டுப் பார்த்த கணக்குதாம்மா. மந்திரிசபை கூடினாலும் தீராது."

பெட்டியம்மா இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே மாவு பிசைவாள். வேலை செய்யும்போது அவள் பாதி இங்கே இருப்பாள், பாதி வேறெங்கோ இருப்பாள். வெந்த ஓடுகளின் உள்பக்கம் முட்டையின் வெள்ளைக்கருவை மெல்லிசாகப் பூசி மறுபடியும் சூட்டில் காட்டுவாள். அப்படிச் செய்தால் கஸ்டர்டின் ஈரம் மாவுக்குள் சட்டென்று இறங்காது. அறுத்த ஆப்பிளும் பேரிக்காயும் கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு தெளிப்பாள். ஜாமைச் சூடாக்கி இளக்கி, தூரிகையில் தொட்டு, பழத்தின் மேல் ஒவ்வொரு துண்டாகப் பூசுவாள். தூங்குகிற குழந்தையின் புருவத்தைத் தடவுகிற மாதிரி இருக்கும். காலை வெயில் அந்த ஜாமின் மேல் விழும்போது சமையலறைச் சுவரெல்லாம் சின்னச் சின்ன ஒளிப்பொட்டுகள் ஆடும். மருமகள் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் ஒரு நிமிஷம் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். கனவுக்குள் ஒரு அறை இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றும்.

பெட்டியில் அடுக்குவது கடைசி வேலை. சூடு முழுக்க ஆறினால்தான் மூடி. ஆறாமல் மூடினால் மூடிக்குள் வேர்த்து, அந்த வேர்வை சொட்டி எல்லாம் கெட்டுப்போகும். மூடிக்கு அடியில் ஒரு மெல்லிய துணி போடுவாள், மிச்ச ஈரத்தை அது வாங்கிக்கொள்ளட்டும் என்று. ஒன்றோடொன்று இடிக்காமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வைப்பாள். ஃப்ரிட்ஜில் அந்தப் பெட்டி இருக்கிற தட்டில் அறுத்த வெங்காயமோ மீனோ வந்தால் போச்சு. "பேஸ்ட்ரிக்குக் காது உண்டு. பக்கத்துல யார் பேசினாலும் வாங்கி வச்சுக்கும்" என்பாள். மூடுவதற்கு முன்னால் உதடு அசையும். யாருக்காகவோ வேண்டிக்கொள்வாள். வழியில் இருக்கிறவர்களையெல்லாம் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று கடவுளிடம் சொல்வதாக ஒருநாள் மருமகளிடம் சொன்னாள். யார் வழியில் இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை.

வருகிறவர்கள் என்றால், படியேறி யார் வந்தாலும் வருகிறவர்தான். சிலிண்டர் தூக்கி வருகிறவர் சாப்பிட்டார். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் சாப்பிட்டு, ஒன்றைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். வீடு மாறி மேலே ஏறி வந்த ஒரு பெரியவர், நான் தேடி வந்தது பல் டாக்டரை என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் வழி தெரியாமல் வீடு மாறி வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று கீழே சாவிக்கடைக்காரர் கேலி செய்வார். ஆனாலும் பெட்டியம்மா யாருக்குக் கொடுத்தாலும் கடைசி இரண்டைத் தொடமாட்டாள். மூடியைப் போட்டுவிட்டு வாசலைப் பார்ப்பாள்.

அந்த இரண்டு யாருக்கு என்று மகன்தான் மனைவிக்குச் சொன்னான்.

பெட்டியம்மா கல்யாணமாகி வந்தபோது வீட்டில் மாமனார் மாமியார் இல்லை. புருஷனும், பள்ளிக்கூடம் போகிற அவர் தம்பியும்தான். அந்தத் தம்பியை அவள்தான் வளர்த்தாள். அப்போது கை இறுக்கமான காலம், செய்ததெல்லாம் டீக்கடைக்குப் போய்விடும். விற்காமல் மறுநாள் திரும்பி வருகிறதுதான் பையனுக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்து, அதைத் தட்டில் வைத்துக்கொண்டு ஜன்னலடியில் உட்காருவான். எந்நாளும் பழையதைத் தின்றே வளர்ந்தான் என்று பெட்டியம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல்.

வளர்ந்தபின் அவனுக்கு ஒரு வேலையும் சரியாக அமையவில்லை. சேருவான், விடுவான். அண்ணனுக்கு ஆத்திரம். ஒருநாள் சாயங்காலம், இன்னொரு வேலையையும் விட்டுவிட்டு வந்து நின்றவனைப் பார்த்து, "இந்த வீட்ல உனக்கு இனிமே எதுவும் இல்ல" என்று சொல்லிவிட்டார். தம்பி நேரே சமையலறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தான். அன்றைக்குப் பார்த்து டீக்கடைக்காரர் கூடுதலாகக் கேட்டார் என்று, வீட்டுக்கு வைத்திருந்ததையும் சேர்த்துப் பெட்டியம்மா அனுப்பியிருந்தாள். பெட்டி காலி. அவன் மூடியைப் போட்டுவிட்டு லேசாகச் சிரித்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். எங்கோ கப்பல் பட்டறையில் வண்ணம் பூசுகிறான் என்று பிறகு தகவல் வந்தது. ஆள் வரவில்லை. அண்ணனும் தம்பியும் பேசி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"அப்பா சொன்னது பொய்தான். ஆனா பெட்டி அதை மெய்யாக்கிடுச்சுன்னு அம்மா நினைக்கிறாங்க" என்று மகன் முடித்தான்.

இதைக் கேட்டபிறகு மருமகள் கணக்குப் போடுவதை விட்டுவிட்டாள். அந்தத் தம்பி எப்போது வந்தாலும் பெட்டி காலியாக இருக்கக்கூடாது. அதுவும் அன்றைக்குச் செய்த புதுசு இருக்க வேண்டும். அந்தப் பிள்ளை ஒருநாளும் தின்னாத புதுசு. மாமியாரின் மொத்த ஆயுளும் அந்த மூடிக்குள் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று.

வெயில் காலம் வந்தது. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. அந்த மாதங்களில் பெட்டியம்மா கஸ்டர்டின் பக்கமே போகமாட்டாள், பால் சேர்ந்தது சூட்டில் நிற்காது என்பாள். பழத்தைச் சர்க்கரையில் வதக்கி, நீர் வற்றச் சுருட்டி, ஓட்டில் நிரப்பிச் சுடுவாள். பெட்டியை அகலமான ஒரு பேசினில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டு, மேலே ஈரத்துணி போர்த்தி, காற்று வருகிற ஜன்னலடியில் வைப்பாள். காற்றுக்குப் பெட்டி மெதுவாகச் சுற்றும். மத்தியானத்தில் அந்த அறையில் படுத்திருந்தால், படகுத்துறையில் படுத்திருக்கிற மாதிரி ஒரு மயக்கம் வரும்.

ஆனால் அவள் மணிக்கட்டுகள் வீங்கத் தொடங்கியிருந்தன. மாவுக் கட்டையை உருட்டுகிறபோது பல்லைக் கடித்துக்கொள்வாள். டாக்டர் வேலையைக் குறைக்கச் சொன்னார். டீக்கடைக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். பெட்டியை நிறுத்தவில்லை.

"விட்டுடும்மா" என்றார் மாமனார் ஒருநாள். "வர்றவன் எப்பவோ வந்திருப்பான்."

"விடறேன்" என்றாள் பெட்டியம்மா, வலிக்கிற கையால் மாவை மடித்தபடி. "அவன் வந்துட்டுப் போகட்டும், விட்டுடறேன்."

மாமனார் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் சொன்ன ஒரு சொல்லுக்கு அவள் கை தேய்கிறது என்று அவருக்குத் தெரியும். அதை வாயால் ஒத்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

தம்பி வந்தது ஒரு விடுமுறை நாள் மத்தியானம். கரண்ட் இல்லை. ஜன்னல் திரைகளை இறக்கிவிட்டிருந்ததால் கூடத்தில் தண்ணீருக்கடியில் இருப்பது போல ஒரு பச்சை வெளிச்சம். மாமனார் தரையில் படுத்துக் கண்ணயர்ந்திருந்தார். மருமகள் ஈரத்துணியை நனைத்துப் பிழிந்து பெட்டிமேல் மறுபடி போர்த்திக்கொண்டிருந்தாள். மகன் மின்விசிறி ஓடாத கோபத்தில் அதைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ஏறியது, பாதியில் நின்றது, மறுபடி ஏறியது. பெட்டியம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். கதவு தட்டுவதற்கு முன்பே திறந்துவிட்டாள்.

வாசலில் நரை கலந்த தாடியோடு ஒரு ஆள். நகக்கண்களில் நீல வண்ணம் ஏறியிருந்தது. தோளில் வார் பிய்ந்து முடிச்சுப் போட்ட பை.

"இந்தப் பக்கமா வேலை அண்ணி" என்றான். "சாயங்கால வண்டிக்குத் திரும்பணும். சும்மா தலையைக் காட்டிட்டுப் போலாம்னு."

பெட்டியம்மா அவன் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அவன் பழைய இடத்தில், ஜன்னலடியில் உட்கார வைத்தாள். பேசினிலிருந்து பெட்டியை எடுத்துத் துடைத்தாள். மருமகள் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தாள். மூடியைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். நிறைய இருந்தது. காலையில் சுட்டது, விளிம்பு கலையாமல், பொன்னாக.

அவன் பார்த்தான். சிரித்தான். ஒன்றைத் தொட்டுப் பார்த்தான், விரலால் ஓட்டின் விளிம்பைத் தட்டினான். பிறகு பள்ளிக்கூடத்துப் பையன் போலத் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"இது இன்னைக்குச் செஞ்சதா அண்ணி? நேத்தையது இல்லையா?"



அவனே சொன்னான். சாறு அடியில இறங்கி, ஓடு மெத்துன்னு ஆகி, தட்டுல எடுத்தா லேசா வளையுமே, அந்த ருசிக்குத்தான் நாக்கு ஏங்கிட்டே கிடந்தது. எந்த ஊர்லயும் அது கிடைக்கல. கடையில போய் நேத்தையது இருக்கான்னு கேட்டா முறைக்கிறான். வாங்கி வந்து அறையில கிண்ணம் கவுத்து மூடி வச்சு, காலையில சாப்பிட்டுப் பார்த்தேன், சரியா வரல. நீங்க வைக்கிற மாதிரி எனக்கு வைக்கத் தெரியல.

பெட்டியம்மா மருமகளைப் பார்த்தாள். மருமகள் புருஷனைப் பார்த்தாள். நேற்றையதை எல்லோருமாகக் காலையிலேயே காலி செய்திருந்தார்கள். கடைசியாக இருந்ததை எடுத்தது யார் என்று மூவருக்கும் தெரியும்.

தரையில் படுத்திருந்த மாமனார் எழுந்து உட்கார்ந்திருந்தார். எப்போது விழித்தாரோ தெரியவில்லை. தம்பியின் முகத்தைப் பார்க்காமல், பேசினில் கிடந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து முதல் வார்த்தையாக அவர் சொன்னார்:

"நான் தின்னுட்டேன்."

மகன்தான் முதலில் சிரித்தான். சிரிக்கக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். தம்பிக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. மாமனாருடைய தோள் குலுங்கியது. அது சிரிப்புதானா என்று மருமகளால் சொல்ல முடியவில்லை. அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பெட்டியம்மா மட்டும் சிரிக்கவில்லை. மூடியை எடுத்து, துணியைச் சரிசெய்து, பெட்டியைப் பதமாக மூடினாள். மறுபடியும் தண்ணீரில் மிதக்கவிட்டாள்.

"நேத்தையது வேணும்னா நாளைக்குத்தான் கிடைக்கும்" என்றாள். "இரு."

அவன் வாசல் பக்கம் பார்த்தான். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு தோளிலிருந்து பையை இறக்கித் தரையில் வைத்தான். வைத்த மறு நிமிஷமே மாமனார் கை நீட்டி அந்தப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முடிச்சைப் பிரித்தார், பிய்ந்த வாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எவன் தச்சான், கழுதை" என்று முணுமுணுத்துவிட்டு வளைந்த ஊசியை எடுத்தார். சாயங்கால வண்டி அவனில்லாமல் போயிற்று.

வெயில் தணிந்து, திரைகளைத் தூக்கிவிட்டார்கள். தெருவிலிருந்து குழந்தைகள் விளையாடுகிற சத்தமும் சாவிக்கடையில் அரம் உரசுகிற ஓசையும் மேலே வந்தன. காற்றில் பெட்டி பேசினுக்குள் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே ஒவ்வொரு ஓடும் சாற்றை வாங்கிக்கொண்டு மெதுவாக நேற்றாகிக்கொண்டிருக்கிறது என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். காலம் என்பது இந்த வீட்டில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருள் மாதிரி இருந்தது.

பெட்டியம்மா தம்பிக்கு எதிரே உட்கார்ந்தாள். எத்தனையோ காலமாக மனசுக்குள் வைத்திருந்ததைச் சொன்னாள். "அன்னைக்கு நீ திறந்தப்ப பெட்டி காலியா இருந்துச்சு, தம்பி. அதை நினைச்சா இன்னைக்கும் சோறு இறங்காது."

அவன் புரியாமல் பார்த்தான். "பெட்டியா? நான் பெட்டியைத் திறந்தேனா?"

"திறந்து பார்த்துட்டுச் சிரிச்சியே."

"எனக்கு அது ஞாபகமே இல்ல அண்ணி." நகக்கண்ணில் இருந்த நீலத்தைச் சுரண்டினான். "படியிறங்கினது ஞாபகம் இருக்கு. கீழ்ப்படியில நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். நீங்க மேல நின்னுட்டிருந்தீங்க, கையெல்லாம் மாவு. கூப்பிடுவீங்கன்னு பார்த்தேன்."

பெட்டியம்மாவின் முகம் மாறியது. "கையில ஒண்ணும் இல்லாம உன்னை எப்படிடா கூப்பிடறது?"

 கோபம் எதுவும் அவன் முகத்தில் இல்லை. மாமனாரின் ஊசி பாதி இழுத்தபடி நின்றிருந்தது. நூல் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் அதை முழுக்க இழுத்தார். இன்னும் ஒரு தையல் போட்டார், இன்னும் ஒன்று போட்டார். தேவைக்கு மேலே தைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் அனுப்பினவன்" என்றார், தலை தூக்காமல். "நான்ல கூப்பிட்டிருக்கணும்."

  கடவுள் சில பேச்சுகளை இவ்வளவு போதும் என்று அளந்துதான் கொடுக்கிறார். அன்று ராத்திரி அண்ணனும் தம்பியும் கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் படுத்தார்கள்.

காலையில் நேற்றையதைத் திறந்தார்கள். தம்பி ஒன்றைத் தட்டில் எடுத்தான், அது லேசாக வளைந்தது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான். எல்லோரும் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பெட்டியம்மாவும் சாப்பிட்டாள். அடுப்பில் அன்றையது வெந்துகொண்டிருந்தது. அது இறங்கியதும், கொஞ்சம் ஆறவிட்டு, அவள் ஒன்றை எடுத்து மருமகள் கையில் வைத்தாள். "நீ ஏங்கிட்டே கிடந்தே. எனக்குத் தெரியும்" என்றாள். மருமகள் கடித்தாள். முதல் நாள் போலவே சத்தம் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை நாள் பழகிப்போய், தன் நாக்கும் அந்த மெத்தென்ற நேற்றையதன் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தம்பி வருஷத்துக்கு ஒருமுறையாவது வந்தான். வந்தால் இரண்டு நாள் இருந்தாக வேண்டும், செய்கிற நாள் ஒன்று, தின்கிற நாள் ஒன்று. மணிக்கட்டு வலிக்கிற நாட்களில் பெட்டியம்மா மாவைத் தொடுவதில்லை. பெட்டி காலியாகவே இருந்த நாட்கள் உண்டு. முதலில் அவள் அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பார்ப்பதை மறந்துவிட்டாள். வேறொரு பழக்கம் வந்துவிட்டது. படியில் யாராவது இறங்கிப் போனால் மேலிருந்து குரல் கொடுப்பாள். மீட்டர் பார்க்கிறவர், பால்காரர், பல் டாக்டரைத் தேடி வந்தவர், யாராக இருந்தாலும் சரி. "கொஞ்சம் நில்லுங்க" என்பாள். அவர்கள் திரும்பிப் பார்த்து என்னம்மா என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல, பார்த்துப் போங்க" என்பாள். வெறும் கையோடுதான் நிற்பாள். அந்த ஒன்றுமில்லாததைக் கேட்பதற்காகவே சிலர் மெதுவாக இறங்கினார்கள் என்று சாவிக்கடைக்காரர் சொல்வார்.

சில வருஷம் கழித்து மகனுக்கு வேறு ஊரில் வேலை அமைந்தது. சாமான் ஏற்றின சின்ன லாரி தெருமுனையில் நின்றது. மருமகள் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மாமனார் டிரைவர் இருக்கையின் தையலை அழுத்திப் பார்த்து, ஊர் போய்ச் சேரும் வரைக்கும் தாங்கும் என்று சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்து வந்த மழைக்காலத்திலேயே பெட்டியம்மா காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமலே கடவுளிடம் போய்ச் சேர்ந்தாள். அதனால் மருமகள் அவளை உயிரோடு பார்த்தது அன்றைக்குத்தான் கடைசி.

லாரி கிளம்புமுன், வழிக்குச் சாப்பிட ஏதாவது கட்டிக் கொடுத்திருக்கிறீர்களா அத்தை என்று மருமகள் கேட்டாள். இல்லை, கை எழவில்லை என்று பெட்டியம்மா சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கம் எதுவும் இல்லை. லாரியின் ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டுக் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்புகிற வரைக்கும் விடவில்லை.

அடுத்த மாதம் வருகிறோம், வருவதற்கு முன்னால் போன் செய்கிறோம் என்றாள் மருமகள்.

"போனெல்லாம் பண்ணாதே" என்றாள் பெட்டியம்மா. "சொல்லிட்டு வந்தா நான் எதையாவது எடுத்து வைக்கணும்னு பறப்பேன். சும்மா வா. வீட்ல ஒண்ணும் இல்லேன்னா, ஒண்ணும் இல்லாம உட்கார்ந்திருப்போம்."